அடுக்குமாடி வீட்டில் சமையலறை சிங்க் மெதுவாக வடிகிறதா? கழற்றுவது முதல் மாட்டுவது வரை

சிங்க்கில் தண்ணீர் தேங்கித் தேங்கி இறங்க ஆரம்பித்தால் பெரும்பாலோர் முதலில் ஓடுவது கடைக்கு. அடைப்பு நீக்கும் பவுடர் ஒரு பாக்கெட் வாங்கி வந்து கொட்டுவார்கள். அதன் தலையில் ஒரு பாத்திரம் கொதிக்கும் தண்ணீரை ஊற்றுவார்கள். இரண்டு நாள் நன்றாகப் போகும், மூன்றாம் நாள் பழையபடி குளம் கட்டும். என் வீட்டு சிங்க்கையும் அக்கம்பக்கத்து ஏழெட்டு சிங்க்குகளையும் கழற்றி மாட்டிய பிறகு சொல்கிறேன்: அடைப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்காமலேயே எல்லோரும் வேலையை ஆரம்பித்துவிடுகிறார்கள்.

இங்கே சொல்வதெல்லாம் சென்னை அடுக்குமாடிகளில் வழக்கமாக இருக்கும் அமைப்புக்கு. சிங்க்குக்கு அடியில் வேஸ்ட் பைப். அது தரையில் உள்ள நாணி ட்ராப்பில், அதாவது நாற்றம் மேலே வராமல் தண்ணீர் நிற்கும் தரைக் குழியில், இறங்கும். அங்கிருந்து தரைக்கு அடியில் ஒரு படுக்கைக் குழாய் போய், வெளிச்சுவரை ஒட்டி இறங்கும் பொதுக் குழாயில் சேரும். பொதுக் குழாய் கீழ்த்தளத்துச் சேம்பருக்கு, அதாவது மூடி போட்ட சாக்கடைத் தொட்டிக்கு, போகும். அடைப்பு இந்த ஐந்தில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

1. பேசின் சோதனை

வேஸ்ட் பைப்பின் கீழ்நுனியை நாணி ட்ராப்பிலிருந்து வெளியே எடுங்கள். பல வீடுகளில் அது சும்மா செருகித்தான் இருக்கும். நுனியை ஒரு பேசினுக்குள் விட்டு, மேலே குழாயை முழுதாகத் திறக்கச் சொல்லுங்கள். வாளியை விடப் பேசின் நல்லது. வாளியின் விளிம்பு உயரம் என்பதால் பைப் மேல்நோக்கி வளைந்து நிற்கும், இல்லாத அடைப்பு இருப்பதுபோல் தோன்றும்.

பேசினில் தண்ணீர் வேகமாகக் கொட்டினால் சிங்க்கும் வேஸ்ட் பைப்பும் சுத்தம். அவற்றை நோண்ட வேண்டாம். பேசினிலும் இழுத்து இழுத்து வந்தால் அடைப்பு மேலே இருக்கிறது.

அடுத்து, அரை வாளித் தண்ணீரை நேராக நாணி ட்ராப்பில் ஊற்றுங்கள். கடகடவென்று இறங்கினால் கீழே பிரச்சினை இல்லை. விளிம்பு வரை ஏறி மெதுவாக வற்றினால் ட்ராப்பிலோ படுக்கைக் குழாயிலோ அடைப்பு. நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான். ஆனால் எல்லோரும் கை வைத்திருந்தது சிங்க்கில்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, இதில்தான் பலர் குழம்புவார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே வேகமாகப் போகும், பைப்பைத் திரும்பச் செருகியதும் மெதுவாகிவிடும். அப்படியென்றால் அடைப்பே இல்லை, பைப்பைச் செருகிய விதம்தான் தப்பு. நுனி ட்ராப்பின் அடியைத் தொட்டுக்கொண்டு நின்றால் தண்ணீர் வெளியேற வழியில்லை. இல்லையென்றால், கரப்பான் வருகிறது என்று யாரோ சுற்றிலும் வெள்ளை சிமென்ட் பூசி அடைத்திருப்பார்கள். சில வீடுகளில் சிங்க்குக்கு அடியிலும் ஒரு ட்ராப் இருக்கும், தரையிலும் ஒரு ட்ராப், நடுவில் காற்று வெளியேற இடமில்லை. தண்ணீர் அந்தக் காற்றைத் தள்ளித் தள்ளித்தான் இறங்க வேண்டும். ‘குளுக் குளுக்’ என்று சத்தம் வந்தால் இதைச் சந்தேகப்படுங்கள்.

2. உங்கள் வீட்டு அடைப்புதானா?

வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டுப் பத்து நிமிடம் நாணி ட்ராப்பையே பார்த்துக்கொண்டிருங்கள். காலையில், எல்லா வீட்டிலும் பாத்திரம் கழுவும் நேரத்தில் பார்ப்பது நல்லது. நீங்கள் ஒரு சொட்டுக்கூட விடாதபோது ட்ராப்பில் தண்ணீர் ஏறினால், அது மேல்வீட்டுத் தண்ணீர். அடைப்பு பொதுக் குழாயில்.

அப்போது வீட்டுக்குள் வேலை செய்வது வீண். உங்களுக்கு நேர் மேலும் கீழும் உள்ள வீடுகளில் விசாரியுங்கள். நீங்கள் எஃப்2 என்றால் ஜி2, எஸ்2 வீட்டுக்காரர்கள்தான் உங்களோடு ஒரே குழாயில் இருப்பவர்கள். எதிர்வீட்டில் கேட்டு, “எங்க வீட்ல நல்லாத்தானே போகுது” என்ற பதிலோடு திரும்பி வருவார்கள் பலர். எதிர்வீட்டுக் குழாய் பெரும்பாலும் வேறு.

அப்புறம் கீழே இறங்கி, சமையலறைக் குழாய் வந்து விழும் கல்லி ட்ராப் என்ற சின்னத் தொட்டியையும் பக்கத்துச் சேம்பரையும் சங்கச் செயலாளரோடு சேர்ந்து மூடி திறந்து பாருங்கள். வெள்ளையாகக் கொழுப்பு ஆடை கட்டியிருந்தால் அங்கேதான் விஷயம். சேம்பருக்குள் ஆளை இறக்கச் சம்மதிக்காதீர்கள். உள்ளே விஷவாயு இருக்கும். பாதுகாப்பு இல்லாமல் மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் ஜெட் மெஷின் கொண்டு வந்து வெளியிலிருந்தே அடித்துவிடலாம். சேம்பரே நிரம்பி, தெருச் சாக்கடையிலும் போக்கு இல்லையென்றால் சென்னையில் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

அடைப்பு உங்கள் வீட்டுக்குள்தான் என்று உறுதியானால் மட்டும் மேலே படியுங்கள்.

3. கழற்றுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

ரப்பர் கையுறை, பேசின், இரண்டு வாளி, பழைய துணி, பழைய டூத்பிரஷ், ஒரு பழைய கரண்டி, ஸ்க்ரூடிரைவர், குப்பைப் பை, டார்ச். ஹார்டுவேர் கடையில் வாங்க வேண்டியவை: ரப்பர் பம்ப் (கைப்பிடியுள்ள ரப்பர் கிண்ணம்), மூன்று மீட்டர் ஸ்பிரிங் ஒயர் (குழாய்க்குள் விட்டு அடைப்பெடுக்கும் சுருள் கம்பி), புது வேஸ்ட் பைப் ஒன்று, அதற்கான வாஷர்கள்.

பைப்பை ஏன் முன்கூட்டியே வாங்க வேண்டும்? பழைய பிளாஸ்டிக் நட் கழற்றும்போது விரிசல் விடும். ஞாயிற்றுக்கிழமை மதியம் அது நடந்தால், திங்கள்கிழமை வரை சிங்க் கிடையாது. பைப்பில் ஒன்றேகால் இஞ்ச், ஒன்றரை இஞ்ச் என்று இரண்டு அளவு புழக்கத்தில் இருக்கிறது. கடைக்குப் போகுமுன் கப்ளிங்கின் (சிங்க் வாயில் பைப்பை மாட்டும் இணைப்பு) அடிப்பகுதியை ஃபோட்டோ எடுத்து, விட்டத்தையும் அளந்துகொண்டு போங்கள்.

சிங்க்குக்கு அடியில் உள்ள சாமான்களை முழுதாக வெளியே எடுத்துவிடுங்கள். ஓரமாக ஒதுக்கினால் போதாது. வெங்காயக் கூடையில் சாக்கடைத் தண்ணீர் தெறித்த பிறகு அதை யாரும் சமைக்க மாட்டார்கள்.

குழாய்த் திருகின் மேல் ஒரு துணியைக் கட்டிவிடுங்கள். அடியில் பைப் இல்லை என்பது வீட்டில் மற்றவர்களுக்கோ வேலைக்கு வரும் அக்காவுக்கோ தெரியாது. சொல்லப்போனால் வேலை செய்பவரே மறந்துவிடுவார். கழற்றிய அழுக்குத் தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று யோசிக்காமல் அதே சிங்க்கில் ஊற்றித் தன் காலையே நனைத்துக்கொண்டவர்களை நான் மூன்று பேர் பார்த்திருக்கிறேன். அதில் ஒருவன் நான்.

4. ஜாலியும் பம்ப்பும்

பேசின் சோதனையில் மேலே அடைப்பு என்று தெரிந்தவர்களுக்கு இது முதல் வேலை. சிங்க் வாயில் உள்ள ஓட்டைத் தட்டுதான் ஜாலி. அதன் நடுவில் உள்ள திருகைக் கழற்றி, ஜாலியைத் தூக்கி, கப்ளிங்கின் உட்சுவரை டூத்பிரஷ்ஷால் தேயுங்கள். கறிவேப்பிலைக் காம்பு, புளிச் சக்கை, தேங்காய்த் துருவல், ஸ்டீல் நார் எல்லாம் இங்கே பின்னிக்கொண்டு கிடக்கும். திருகைக் கழற்றும்போது ஒரு கையால் அடியில் பிடித்துக்கொள்ளுங்கள். சில கப்ளிங்குகளில் அந்த ஒரு திருகுதான் மேல்பாதியையும் கீழ்பாதியையும் சேர்த்துப் பிடித்திருக்கும். அது கழன்றால் பைப்போடு கீழே விழும்.

அது போதவில்லையென்றால் பம்ப். சிங்க்கில் இரண்டு இஞ்ச் தண்ணீர் நிற்க வேண்டும், ரப்பர் கிண்ணத்தின் விளிம்பு தண்ணீருக்குள் முங்க வேண்டும். காற்றைத் தள்ளினால் அது சுருங்கிப் போகும். தண்ணீர் சுருங்காது, அடைப்பில் நேராக மோதும். சிங்க்கின் மேல்பக்கம் ஓவர்ஃப்ளோ ஓட்டை இருந்தால் ஈரத் துணியால் அழுத்தி மூடுங்கள், இல்லையென்றால் அழுத்தம் அந்த வழியாக ஓடிவிடும். இரட்டைத் தொட்டியென்றால் மற்றதன் வாயையும் மூட வேண்டும்.

சிங்க்கில் நின்று எவ்வளவு பம்ப் அடித்தாலும் நாணி ட்ராப் அடைப்பு அசையாது. பைப்பின் நுனி ட்ராப்பில் தளர்வாகத்தான் இருக்கிறது. நீங்கள் கொடுக்கும் அழுத்தம் அந்த இடைவெளியில் வெளியேறித் தரையை நனைக்கும், அவ்வளவுதான். ஏற்கெனவே பவுடர் போட்டிருந்தாலும் பம்ப் அடிக்காதீர்கள், அந்தத் தண்ணீர் முகத்தில் தெறிக்கும்.

5. வேஸ்ட் பைப்

பேசினை அடியில் வைத்து, கப்ளிங் நட்டைக் கையால் திருகுங்கள். கீழிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. இறுக்கமாக இருந்தால் துணி சுற்றித் திருகுங்கள், ரிஞ்ச்சைக் கடைசியில் எடுங்கள்.

நெளிநெளியான வளையும் பைப்பாக இருந்தால் என் யோசனை: கழுவ வேண்டாம், தூக்கிப் போடுங்கள். சில நூறு ரூபாய்க்குள் புதுசு கிடைக்கும். ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் எண்ணெய்ப் பிசுக்கும் பாத்திரம் தேய்க்கும் பவுடரும் சேர்ந்து களிம்பாக ஒட்டியிருக்கும். பிரஷ் அந்த மடிப்புகளுக்குள் போகாது. முடிந்தால் உட்புறம் வழுவழுப்பான பைப்பாக வாங்குங்கள்.

பாட்டில் ட்ராப் இருந்தால் வேலை எளிது. அடியில் உள்ள குப்பியைத் திருகினால் கழன்று வரும், உள்ளே இருப்பதைக் குப்பைப் பையில் கொட்டிக் கழுவி மாட்டலாம். குப்பியோடு சேர்ந்து வாஷரும் களிம்புக்குள் விழுந்திருக்கும். அதை எண்ணி எடுத்து வையுங்கள்.

புது பைப்பைப் பொருத்தும்போது நடக்கும் பெரிய தவறு நீளம். கடையில் தரும் நீளத்தை அப்படியே மாட்டினால் நடுவில் தொப்பை விழும். அந்தத் தொப்பையில் எப்போதும் தண்ணீர் நிற்கும், அதில் வண்டல் தங்கும், ஆறு மாதத்தில் நீங்கள் மறுபடி இதே இடத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். சரிவாக இறங்கும்படி வெட்டுங்கள். நாணி ட்ராப்புக்குள் நுனி ஒன்றிரண்டு இஞ்ச் இறங்கினால் போதும்.

6. நாணி ட்ராப்

மேல் ஜாலியைத் தூக்குங்கள். ஓரத்தில் சிமென்ட் பிடித்திருந்தால் பழைய கத்தியால் சுற்றிலும் கீறிவிட்டுத் தூக்கினால் டைல்ஸ் உடையாது. பல வகை ட்ராப்களில் உள்ளே கவிழ்த்து வைத்தது போல ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். அது நிற்கும் தண்ணீரோடு சேர்ந்துதான் நாற்றத்தையும் கரப்பானையும் தடுக்கிறது. சேறு பிடிப்பதும் அதைச் சுற்றித்தான்.

கிண்ணத்தை எடுத்துவிட்டு, அடியில் உள்ள சேற்றைக் கரண்டியால் வாரி வெளியே எடுங்கள். குச்சியை விட்டு உள்ளே தள்ளிவிடத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். தள்ளினால் கைக்கு எட்டும் அடைப்பு எட்டாத இடத்துக்குப் போய்விடும். வாரியதைக் குப்பையில் போடுங்கள். கழிவறையில் கொட்டினால் அடைப்பை ஓர் அறையிலிருந்து இன்னொரு அறைக்கு மாற்றியதாக ஆகும்.

வாரி முடித்ததும் அரை வாளி ஊற்றிப் பாருங்கள். வேகமாக இறங்கினால் அடுத்த பகுதியைத் தாண்டி 8க்குப் போகலாம்.

எல்லாம் முடிந்ததும் கிண்ணத்தைக் கழுவி அதன் இடத்திலேயே வையுங்கள். ‘இது இருந்தால்தானே அடைக்கிறது’ என்று தூக்கி எறிந்த வீட்டில் ஒரு வாரத்தில் சாக்கடை நாற்றம் கூடம் வரை வந்தது.

7. படுக்கைக் குழாய்க்கு ஸ்பிரிங்

ஸ்பிரிங் ஒயரை ட்ராப்பின் பக்கவாட்டு வாயில் விடுங்கள். சிங்க்கின் மேலிருந்து விட்டால் வளைவுகளிலேயே அதன் வலு தீர்ந்துவிடும்.

ஒரு கையால் மெதுவாக உள்ளே விட்டபடி, மறு கையால் கடிகார முள் திசையிலேயே சுற்றுங்கள். திசை மாற்றினால் சுருள் தளர்ந்து உள்ளே முடிச்சு விழும், நுனியில் மாட்டிய அழுக்கும் கழன்றுவிடும். வெளியே இழுக்கும்போதும் அதே திசை.

முட்டினால் அழுத்தாதீர்கள், அங்கேயே நின்று சுற்றுங்கள். குழாய் வளைவில் முட்டினால் கெட்டியாக இருக்கும், சுற்றச் சுற்றத் திரும்பிப் போய்விடும். கொழுப்பு அடைப்பு களிமண்ணில் குத்துவது போல மெத்தென்று இருக்கும். இந்த வித்தியாசம் முதல் தடவை பிடிபடாது, இரண்டாம் தடவை கைக்குத் தெரிந்துவிடும்.

அரை மீட்டர் உள்ளே போனதும் ஒரு தடவை வெளியே இழுத்துத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி விடுங்கள். அடைப்பில் ஒரு சின்ன ஓட்டை விழுந்ததும் தண்ணீர் இறங்கிவிடும், உடனே முடிந்துவிட்டது என்று நிறுத்திவிடுவார்கள். குழாயின் சுவரில் ஒட்டிய கொழுப்பு அப்படியேதான் இருக்கும். ஒயர் கிட்டத்தட்ட சுத்தமாக வரும்வரை நாலைந்து தடவை இழுக்க வேண்டும்.

மூன்று மீட்டரும் போன பிறகும் தண்ணீர் ஏறினால், அடைப்பு பொதுக் குழாயில் சேரும் இடத்தில் இருக்கலாம். பிளம்பரைக் கூப்பிட்டுவிடுங்கள்.

8. இப்போதுதான் வெந்நீர்

சேற்றை எடுத்த பிறகுதான் வெந்நீருக்கு வேலை. முதலிலேயே ஊற்றினால் அது கொழுப்பின் மேல்பகுதியை உருக்கி இன்னும் தொலைவுக்குத் தள்ளிக் கொண்டுபோகும். அங்கே ஆறியதும் மறுபடி உறையும், உங்கள் ஸ்பிரிங் எட்டாத இடத்தில். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். நல்ல வெயில் ஊரான சென்னையிலும் மார்கழி விடியற்காலையில் அதற்குக் கீழே போகிறது. பல வீட்டு சிங்க்குகள் டிசம்பர், ஜனவரியில் மக்கர் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது. பிவிசி குழாய் சுமார் 60 டிகிரிக்கு மேல் இளக ஆரம்பிக்கும், இணைப்புகள் தளரும். ஒரு பங்கு கொதிநீருக்கு ஒன்றரைப் பங்கு குழாய்த் தண்ணீர் கலந்தால் கிட்டத்தட்ட சரியான சூடு வரும்.

பாத்திரம் கழுவும் திரவத்தை ஐந்தாறு ஸ்பூன் ட்ராப்பில் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு ஒரு வாளி வெந்நீரை ஒரே மூச்சில் ஊற்றுங்கள், பின்னாலேயே ஒரு வாளி சாதாரணத் தண்ணீர். சோப்பு இல்லாத வெந்நீர் கொழுப்பை உருக்கும், ஆனால் தண்ணீரோடு கலக்க வைக்காது. மொத்தமாக ஊற்றச் சொல்வது வேகத்துக்காக. மெல்லிய ஓட்டம் குழாயின் அடியில் மட்டும் நெளிந்து போகும்.

சமையல் சோடாவும் வினிகரும் கேட்பீர்கள். நுரைக்கும், பார்க்க நன்றாக இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று முறித்துவிடுவதால் மிஞ்சுவது கொழுப்பைத் தொடாத உப்புத் தண்ணீர்.

9. திரும்ப மாட்டுதல்

வாஷரைத் துடைத்து, சாய்வான பக்கம் இணைப்பை நோக்கி இருக்கும்படி போடுங்கள். திருப்பிப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் சொட்டும். நட்டைக் கையால் முட்டும்வரை திருகி, அதற்கு மேல் கால் சுற்று. பிளாஸ்டிக் நட்டை ரிஞ்ச்சால் முறுக்கினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, அடுத்த வாரம் பிளந்து நிற்கும். வாஷர் உள்ள இடத்தில் டெஃப்ளான் டேப் தேவையில்லை. தடிமனாகச் சுற்றினால் நட் முழுதாக ஏறாது.

சிங்க்குக்கு அடியில் உலர்ந்த செய்தித்தாளை விரியுங்கள். சிங்க்கை அடைத்து முக்கால்வாசி நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். குழாயை மட்டும் திறந்து பார்த்துவிட்டு ‘கசிவில்லை’ என்று முடித்துவிடுகிறார்கள். நிறைந்த தொட்டியின் அழுத்தத்தில்தான் சொட்டு வெளியே வரும். பத்து நிமிடம் கழித்துத் தாளில் ஈரப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்த பிறகே சாமான்களை உள்ளே வையுங்கள். நாணி ட்ராப்பைச் சுற்றி இடைவெளி இருந்தால் பைப் நுழையும் அளவுக்கு ஓட்டையுள்ள ஜாலி போடுங்கள். சிமென்ட் வேண்டாம்.

10. பவுடர், ஆசிட்

இந்தப் பாக்கெட்டுகளில் பெரும்பாலும் இருப்பது காஸ்டிக் சோடா. தண்ணீர் பட்டதும் கடுமையாகச் சூடாகும். கொஞ்சமாவது ஓட்டம் இருக்கும் குழாயில் வேலை செய்யும். முழுதாக அடைத்த குழாயில் ஓரிடத்தில் தங்கி பிவிசியை இளக்கும், கொழுப்போடு சேர்ந்து சோப்புக் கட்டியாக இறுகவும் செய்யும். அந்தக் கட்டியை உடைப்பது பழைய அடைப்பை எடுப்பதை விடக் கஷ்டம்.

போட்டே தீருவேன் என்றால் கையுறை, கண்ணாடி அணிந்து, பாக்கெட்டில் சொன்ன அளவை மீறாமல், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு போடுங்கள். அதன் பிறகு பிளம்பர் வந்தால் பவுடர் போட்டதை முதலில் அவரிடம் சொல்லுங்கள், அவர் கை அதற்குள் போகப் போகிறது. ஆசிட் வேண்டவே வேண்டாம். ஸ்டீல் சிங்க்கை அரிக்கும், பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும்.

11. அடுத்த அடைப்பைத் தள்ளிப்போட

எண்ணெய்ச் சட்டியைக் கழுவுமுன் செய்தித்தாளால் துடைத்துவிடுங்கள். பாதிப் பிரச்சினை இதிலேயே குறையும். இட்லி மாவுப் பாத்திரம் அலசிய முதல் தண்ணீரையும் வடித்த கஞ்சியையும் சிங்க்கில் ஊற்றாதீர்கள். ஆறியதும் பசையாகிக் காபித்தூள், டீத்தூள் எல்லாவற்றையும் ஒட்டிப் பிடித்துவைக்கும். மாவுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம். ஃபில்டரில் மிஞ்சும் காபித்தூளைக் குப்பையில் தட்டுங்கள்.

வாரம் ஒரு தடவை இரவு எல்லா வேலையும் முடிந்ததும் சிங்க்கை நிரப்பி மொத்தமாகத் திறந்துவிடுங்கள். முழுதாக வடிய எத்தனை விநாடி ஆகிறது என்று ஃபோனில் பார்த்து, அந்த எண்ணைத் தேதியோடு மார்க்கர் பேனாவால் கபோர்டு கதவின் உட்பக்கம் எழுதி வையுங்கள். என் வீட்டில் பைப் மாற்றிய அன்று 40 விநாடி. அது 60ஐத் தொட்டதும் நாணி ட்ராப் ஜாலியைத் தூக்கி ஒரு தடவை வாரிவிடுகிறேன்.